ஊர் நலச்சங்கம் – 2025-ம் வருஷ ஆண்டறிக்கை (செயலாளர்)

தலைவர், பொருளாளர், வந்திருக்க பெரியவங்க, அக்கா தங்கச்சிமார், அப்புறம் திருப்பூர் சென்னை சிங்கப்பூர்ல இருந்துகிட்டு போன்ல படிக்கப்போற நம்ம பசங்க எல்லாருக்கும் வணக்கம். கோயில் பந்தல், பள்ளிக்கூட சுவர் விஷயமெல்லாம் தலைவர் பேசிட்டாரு. நான் தண்ணி, சாக்கடை ரெண்டை மட்டும் எடுத்துக்கிறேன், ஏன்னா இந்த வருஷம் சங்கத்துக்கு வந்த புகார்ல முக்காவாசி அதுதான்.

மொத தண்ணி. ஜல் ஜீவன் திட்டத்துல வீட்டுக்கு வீடு குழாய் வந்தாச்சு. 2019 ஆகஸ்ட் 15 அன்னைக்கு அறிவிச்சப்ப ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர்னாங்க, 2024-க்குள்ள எல்லாம் முடியும்னாங்க, இப்ப 2028 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. நம்ம மாநிலத்துக்கு மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி. திருச்சிகிட்ட இருந்து வர்ற காவிரித் தண்ணி வர்ற அன்னைக்கு பிரச்சனை இல்ல, வராத அன்னைக்கு போர் தண்ணி, அதுல டீ போட்டா திரிஞ்சுபோகுது. கீழத்தெரு கடைசி வீடுகளுக்கு ஏன் வரலைன்னு போய்ப் பாத்தா நடுவுல சிலபேர் குழாய்லயே மோட்டார் மாட்டி உறிஞ்சுறாங்க, யாருன்னு எல்லாருக்கும் தெரியும், பேரு சொல்லி சண்டை வேணாம், ஆனா அடுத்த கிராமசபையில தீர்மானம் போட்டு கனெக்‌ஷனை கட் பண்ணச் சொல்லப்போறோம், அப்ப சங்கத்து மேல வருத்தப்படாதீங்க.

மேல்நிலைத் தொட்டியை மாசம் 5-ம் தேதியும் 20-ம் தேதியும் கழுவி, தேதியை தொட்டியிலயே எழுதணும். கொஞ்ச மாசமா பழைய தேதியே கிடந்துச்சு, கேட்டப்புறம் எழுதுறாங்க. தேதி மட்டும் எழுதுறாங்களா நெசமாவே கழுவுறாங்களான்னு மகளிர் குழு அக்காங்க போய் நின்னு பாக்குறாங்க, அவங்களுக்கு நன்றி.

இப்ப சாக்கடை. தண்ணியை வீட்டுக்குள்ள கொண்டுவந்தவங்க அது எந்தப் பக்கம் வெளிய போகும்னு யோசிக்கவே இல்லங்கறதுதான் என்னோட ஆதங்கம். கணக்கு போட்டுப் பாருங்க. 3000 பேர் இருக்க ஊருக்கு ஆளுக்கு 55 லிட்டர்னா 1,65,000 லிட்டர். குடுக்குற தண்ணியில 80 சதவீதம் கழிவா திரும்பும்னுதான் இன்ஜினியருங்க கணக்கு வைப்பாங்க, அப்ப 1,32,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரின்னா தினமும் 11 லாரி சோப்புத் தண்ணியை தெருவுல கவுக்குற மாதிரி. அது எங்க போகுது? பைப் தோண்டுன கான்ட்ராக்டர் உடைச்சுப்போட்ட வாய்க்கா வழியா வழிஞ்சு, மாரியம்மன் கோயில் முக்குல தேங்கி, மிச்சம் ஊரணி வரத்துக்கால்ல இறங்குது. ஊரணி மேற்கு கரையில தண்ணி பச்சையும் கருப்புமா கெடக்கு, மாடு கூட மோந்து பாத்துட்டு திரும்புது.

பாதாளச் சாக்கடை கேளுங்கன்னு நெறைய பேர் சொல்றீங்க. நான் அதுக்கு ஆதரவு இல்ல, இப்பவே சொல்லிடுறேன். குழாய்க்கு சரிவு வேணும், மேன்ஹோல் வேணும், பம்பிங் ஸ்டேஷன், கடைசியில சுத்திகரிப்பு நிலையம், அதுக்கு மாசாமாசம் கரண்ட் பில். இப்ப குடிதண்ணி மோட்டார் கரண்ட் பில்லுக்கும் குடிநீர் வாரியத்துக்கு கட்டுறதுக்குமே ஊராட்சியோட ரெண்டாவது கணக்கு மூச்சு வாங்குது. யாராவது போட்டுக் குடுத்தாலும் ஓட்டுறது யாரு?

நம்மால ஆகக்கூடியது தூய்மை பாரத் ரெண்டாம் கட்டத்துல இருக்கு. 5000 பேர் வரைக்கும் இருக்க ஊருக்கு கழிவுநீர் வேலைக்கு தலைக்கு 280 ரூபா வரைக்கும், அதுக்கு மேல போனா 660. நம்ம ஊரு 280 தான். 3000 பேருக்கு 8,40,000 ரூபா. இதுல 70 சதவீதம், அதாவது 5,88,000 திட்டத்துல இருந்து, பாக்கி 2,52,000 நிதி ஆணையம் சொல்றபடி மத்திய அரசு ஊராட்சிக்குக் குடுக்குற 15-வது நிதி ஆணையப் பணத்துல இருந்து போடணும். இங்கதான் முடிச்சு. அந்த நிதி ஆணையப் பணத்துல 30 சதவீதம் குடிதண்ணிக்கு, 30 சதவீதம் சுகாதாரத்துக்குன்னு கட்டிப்போட்டிருக்கு, மீதி 40 தான் ஊராட்சி இஷ்டம், அதுலயும் சம்பளம் குடுக்கக்கூடாது. சரி 30 இருக்கேன்னு போனா, 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தல்ல ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சுபோச்சு, நம்ம சிவகங்கையையும் சேத்து 28 மாவட்டத்துக்கு இதே கதை, தேர்தல் நடக்கல, வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பிடிஓ-தான் தனி அலுவலரா இருந்து ஊராட்சியைப் பாத்துக்கிறாரு. தேர்ந்தெடுத்த ஊராட்சி இருந்தாதான் நிதி ஆணையப் பணம் விடுவாங்கன்னு விதி. அப்ப பணம் வரலைன்னு ஆபீஸ்ல கைய விரிக்கிறதும் அவங்க பக்கம் நியாயந்தான், அதுக்காக பிளான்கூட போட மாட்டோம்னா எப்படி? 2026 ஏப்ரல்ல இருந்து 16-வது நிதி ஆணையக் காலம், பணம் எப்ப வந்தாலும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துல வேலை பேரு இருந்தாதான் செலவு பண்ண முடியும். அந்தத் திட்டத்தை இ-கிராம் சுவராஜ்ங்கற அரசு வெப்சைட்ல யார் வேணா போன்லயே பாக்கலாம், நம்ம பசங்க ஒருத்தர் தேடிப்பாத்து காட்டுனாரு, சிமெண்ட் ரோடு இருக்கு, பேவர் பிளாக் இருக்கு, கழிவுநீருக்கு ஒரு வரிகூட இல்ல.

அதனால செயற்குழு முடிவு என்னன்னா, செம்மண்ணா இருக்க மேலத்தெரு, வடக்குத்தெருவுல வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி, அதாவது கழிவுத்தண்ணியை மண்ணுக்குள்ளயே இறக்குற குழி. கீழத்தெருவுல களிமண்ணு, அங்க குழி வெட்டுனா ஒரு மழைக்கே நிரம்பி வாசல்ல நிக்கும், ஏற்கெனவே பள்ளிக்கூடம் பின்னால வெட்டுன குழி அப்படித்தான் கெடக்கு, டார்கெட்டுக்காக வெட்டிட்டு போட்டோ எடுத்துட்டு போயிட்டாங்க. அதனால கீழத்தெருவுக்கு வாய்க்காலை ரிப்பேர் பண்ணி, ஊரணியில இறங்குறதுக்கு முன்னாடி ஜல்லி மணல் போட்ட கிடைமட்ட வடிகட்டி ஒண்ணு. ரொம்ப முக்கியம், குழிக்கு முன்னால சின்னதா ஒரு வண்டல் தொட்டி வச்சு வலை போடணும், இல்லேன்னா சோறு பருக்கையும் தலைமுடியும் சேந்து சீக்கிரமே அடைச்சுரும். செப்டிக் டேங்க் தண்ணியை இதுல விடவே கூடாது, சிலபேர் ராத்திரியில பைப் போட்டு வாய்க்கால்ல விடுறது தெரியுது, நிறுத்திக்கோங்க.

மார்ச் 22 தண்ணீர் தின கிராமசபைக்கு இதை எழுத்துல குடுக்குறோம். போன தடவை மாதிரி பேசிட்டு மட்டும் வராம, தீர்மான நோட்டுல எழுதுனப்புறம் கையெழுத்து போடுங்க, எழுதாத பக்கத்துல போடாதீங்க. ஊரணி பக்கத்துல வடிகட்டிக்கு இடம் அளக்க சர்வேயர் வரணும், அதுக்கு மனு குடுத்தாச்சு, பதில் வரல.

வரவு செலவை பொருளாளர் இப்ப படிப்பாரு. வருஷ சந்தா பாக்கி இருக்கவங்க அவர்கிட்டயே கட்டி ரசீது வாங்கிக்கோங்க.