தம்பிக்கு, மட்ச் முடிந்து ஆறு நாள்

அன்பு மகனுக்கு,

தம்பி, ஞாயிறு இரவு மட்ச் முடிந்ததில் இருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். இன்றைக்குச் சனிக்கிழமை, 2025 மே 24, ஆறு நாள் ஆகிவிட்டது. எங்கள் ரொறன்ரோ ஐஸ் ஹொக்கி அணி லீஃப்ஸ் தோற்று வெளியே போன எந்த வருடமும் நீ எனக்கு ஒரு வரி எழுதாமல் விட்டதில்லை. 2018 இல் வாட்டர்லூவில் இருந்து "பரவாயில்லை அம்மா" என்று எழுதினாய். 2019 இலும் அதேதான். 2021 இல் மொன்றியலிடம், ஏழு மட்சில் நாலு வென்றால் முடியும் சீரிஸில், 3-1 என்று முன்னுக்கு நின்றுவிட்டுத் தோற்றபோது மேல்மாடி அறையில் இருந்துகொண்டே கீழே இருந்த எனக்கு எழுதினாய். போன வருடம் எட்மன்ரனில் இருந்து. இந்த முறை ஒன்றுமில்லை. நான் அனுப்பிய எல்லாவற்றுக்கும் நீலக்கோடு விழுந்திருக்கிறது, பார்த்திருக்கிறாய் என்று தெரிகிறது. பார்த்தானே, அது காணும் என்கிறார் அப்பா. எனக்குக் காணாது.

சரி, மட்சைப் பற்றியே எழுதுகிறேன். வேறொன்றும் கேட்கப் போவதில்லை.

புளோரிடாவோடு முதல் இரண்டையும் வென்று, இந்த முறை ஏதோ நடக்கப்போகிறது என்று இருந்தோம். மூன்றாவதை ஓவர்ரைமில் விட்டோம், அடித்தவன் மார்ஷான். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும். 2013, 2018, 2019, 2024 என்று பொஸ்ரன் எங்களை ஏழாவது மட்சில் அனுப்பிய நாலு தரமும் அவன் அந்தப் பக்கம் நின்றவன். இந்த மார்ச்சில் அவனைப் புளோரிடாவுக்குக் கொடுத்தார்கள், அங்கேயிருந்தும் எங்களுக்கே வந்து வாய்த்தான். ஐந்தாவது மட்ச் எங்கள் அரங்கிலேயே 6-1. இனி முடிந்தது என்று ரீவியை நிறுத்திவிட்டுப் படுத்தேன். பிறகு ஆறாவதில் அவர்களுடைய இடத்துக்கே போய் 2-0 என்று வென்றார்களே, கோல் காக்கிற எங்கள் கோலி வோல் ஒரு கோலும் விடாமல் நின்றானே, அன்றிரவு நீ எனக்கு ஒரு நீல இதயம் அனுப்பினாய். அதுதான் நீ கடைசியாக அனுப்பியது.

ஏழாவது மட்ச் மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள் அன்று வந்தது உனக்கும் தெரிந்திருக்கும். பகல் அப்பாவோடு பிராம்ப்டனுக்குப் போய், இந்த மாதம் 10ஆம் திகதி திறந்த தமிழினப் படுகொலை நினைவுத் தூபிக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தோம். வீட்டில் கஞ்சி காய்ச்சினேன், வழக்கம்போல அரிசியும் தண்ணியும் கொஞ்சம் உப்பும். சின்ன மாமாவின் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்தேன். அப்பா இரவு வேலைக்குப் போய்விட்டார். விளக்கு அந்தப் பக்கம் எரிய, இந்தப் பக்கம் நான் ரீவிக்கு முன்னால் தனிய இருந்தேன்.

முதல் பீரியட் இரண்டு பக்கமும் கோல் இல்லை. இரண்டாவதில் மூன்று வாங்கினார்கள். மூன்றாவது தொடங்கினவுடன் எங்கள் டோமி ஒன்று அடித்தான், 3-1. நான் எழும்பி நின்றுவிட்டேன் தம்பி, உனக்கு எழுதுவதற்குப் போனையும் எடுத்துவிட்டேன், "பார்த்தாயா" என்று நான் எழுதி முடிக்கவில்லை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவர்கள் நாலாவதைப் போட்டுவிட்டார்கள். பிறகு திரும்பவும் 6-1. மார்ஷானும் ஒன்று போட்டான். சனம் தாங்கள் காசு கொடுத்து வாங்கிய ஜேர்சியைக் கழற்றி ஐஸில் எறிந்தது. அந்த ஜேர்சி என்ன விலை என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்க எனக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாளுக்கு வாங்கியதாக இருக்கும் என்று நினைத்தேன்.

உன்னுடைய சண்டீன் ஜேர்சி இன்னும் உன் அலுமாரியில் இருக்கிறது. 13ஆம் இலக்கம். பழைய உடுப்புக் கடையில் எடுத்தது, இடது கமக்கட்டில் நான் கறுப்பு நூலால் தைத்தது, நீல நூல் அன்றைக்கு வீட்டில் இல்லை. நீ ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

சாப்பிடுகிறாயா? வெளியில் வாங்கிச் சாப்பிடாதே. சோறும் ஒரு பருப்பும் வைக்க அரை மணி நேரம் காணும். நேரத்துக்கு நித்திரை கொள். மட்ச் பார்ப்பதென்றால் தனிய இருந்து பார்க்காதே, வேலை இடத்துப் பொடியள் யாரையாவது கூப்பிடு. ஈஸ்டருக்கு வீடியோவில் வந்தாயே, அன்றைக்கே முகம் மெலிந்துதான் இருந்தது. தங்கச்சிக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன். உனக்குப் பின்னால் வாசலில் இருந்த சப்பாத்துத் தட்டும் தெரிந்தது. அதில் உன்னுடைய சப்பாத்து மட்டும் இருந்தது, மேல் தட்டு இரண்டும் வெறுமை. குளிர் முடிய எல்லாரும் எடுத்து உள்ளே வைப்பார்கள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை, அவளைக் கோபிக்காதே.

ஹொக்கி என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித் தந்தது நீதான். குசினி மேசையில் மைசூர்ப் பருப்பைப் பரப்பி, ஐந்து பருப்பு எங்களுடையது, ஐந்து மிளகு மற்றவர்களுடையது, ஒரு உழுந்து பக், அவர்கள் அடிக்கிற வட்டு. இரண்டு கறிவேப்பிலைக் காம்பை வைத்து, இதுதான் அம்மா நீலக்கோடு, உழுந்து கோட்டைத் தாண்டுவதற்கு முதல் எங்கள் பருப்பு தாண்டினால் ஓஃப்சைட் என்றாய். ஏழு வயதுப் பிள்ளை, எனக்கு விளங்கும் வரைக்கும் நாலு தரம் நகர்த்திக் காட்டினாய். அது 2004, ஒட்டாவாவை ஏழாவது மட்சில் வென்ற வருடம். அதற்குப் பிறகு அடுத்த சீரிஸ் வெல்லப் பத்தொன்பது வருடம் எடுக்கும் என்று யாருக்குத் தெரியும். அந்தப் பொறுமை உனக்கு இருந்தது. இன்றைக்கு எஞ்சினியர், தங்கச்சியின் படிப்புக்குக் கட்டியவன், ஊரில் ஆச்சி வீட்டுக் கூரையைப் போட்டுக் கொடுத்தவன். கோயிலில் யார் கேட்டாலும் நான் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் தாய்க்கு ஒரு வரி எழுத நேரமில்லாமல் போகுமா, சொல்லு.

2023 ஏப்ரல் 29 நினைவிருக்கிறதா? அதுவும் சனிக்கிழமை. எங்கள் ரவாரஸ் ரம்பாவுக்கு எதிராக ஓவர்ரைமில் அடித்தான், ஆறாவது மட்சிலேயே முடிந்தது. நீ கத்திய சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். அவளும் அன்றைக்கு எங்களோடு இருந்தாள். என்ன நடக்கிறது என்று தெரியாமலே உன் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளினாள், தேத்தண்ணி முழுக்கக் கம்பளத்தில், அந்தக் கறை இன்னும் போகவில்லை. நான் போக்காட்டவும் இல்லை, மேலே கதிரையை இழுத்து வைத்திருக்கிறேன். அந்த ஆவணியில் உங்களுக்குக் கலியாணம். அவள் முந்தி வெள்ளிக்கிழமையில் எனக்குப் போன் எடுப்பாள். சரி, அதை விடு.

இப்போது நான் எட்மன்ரன் மட்சும் பார்க்கிறேன். உன் ஊர் என்பதால்தான். புதன்கிழமை டலஸோடு 3-1 என்று முன்னுக்கு நின்றுவிட்டு மூன்றாவது பீரியடில் ஐந்து கோல் வாங்கித் தோற்றார்கள், எனக்கு எங்கள் ஆட்களைப் பார்ப்பது போலவே இருந்தது. நேற்று 3-0 என்று வென்றார்கள். அந்த கோலி ஸ்கின்னர் எட்மன்ரனிலேயே பிறந்த பிள்ளையாம். முதல் சீரிஸில் இரண்டு மட்ச் தோற்றவுடன் அவனை இருத்திவிட்டு மற்றவனைப் போட்டார்கள். மற்றவனுக்குக் காயம் வர இவன் திரும்பி வந்து, வேகஸோடு அடுத்தடுத்து இரண்டு மட்சில் ஒரு கோலும் விடவில்லை. அவனை இருத்தி வைத்திருந்த நாட்களில் அவனுடைய தாய் எப்படி இருந்திருப்பாள் என்றுதான் எனக்கு யோசனை. மகனுக்குப் போன் எடுத்திருப்பாளா, எடுத்து என்ன கதைத்திருப்பாள்? சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருப்பாள். எங்களுக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்.

தம்பி, நான் எழுத நினைத்தது இதெல்லாம் இல்லை. ஞாயிறு இரவு 6-1 என்று முடிந்த பிறகு நான் அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். விளக்கு எரிந்துகொண்டு இருந்தது, மாமா படத்தில் சிரித்துக்கொண்டு இருந்தான், நான் ஐஸில் கிடந்த ஜேர்சிகளைப் பார்த்து அழுகிறேன். எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் 2013 ஞாபகம் வந்தது.

நீ அதை மறந்திருக்க மாட்டாய். மே 13, திங்கட்கிழமை, உனக்குப் பதினாறு வயது. பொஸ்ரனோடு ஏழாவது மட்ச், மூன்றாவது பீரியடில் 4-1 என்று நாங்கள் முன்னுக்கு. நீ ஜேர்சிக்குள் முழங்காலை மடித்து வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாய். கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் அவர்கள் இரண்டு கோல், அவர்களுடைய பேர்ஜரோன் சமப்படுத்தும்போது 51 செக்கன்தான் மிச்சம். ஓவர்ரைமில் அடித்து முடித்தவனும் அவன்தான். நீ முகத்தை ஜேர்சிக்குள் மூடிக்கொண்டு விக்கி விக்கி அழுதாய். எனக்கு அந்தக் கிழமை முழுக்க எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நான் வந்து ரீவியை நிறுத்தினேன். மாமா எங்கே கிடக்கிறான் என்று தெரியாமல் நான் உயிரோடு இருக்கிறேன், யாரோ கோடீஸ்வரன் விளையாடித் தோற்றதற்கு நீ அழுகிறாயா, வெட்கமில்லையா என்று கேட்டேன். அதே வார்த்தைகள்.

நீ உடனே நிறுத்தினாய். முகம் கழுவிவிட்டு வந்து கணக்குப் புத்தகத்தை விரித்தாய்.

2009 இல் போரை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் சனத்தோடு மறித்து இருந்தபோது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை நீ. உன்னைப் பார்த்து நான் அதைக் கேட்டேன்.

இன்னும் ஒன்று உனக்குத் தெரியாது. அடுத்த நாள் விடிய ஐந்து மணிக்கு நான் ரிம் ஹோட்டன்ஸ் கோப்பிக் கடையில் வேலைக்கு நின்றேன். 1967 இல் லீஃப்ஸ் கடைசியாகச் சாம்பியன் கப் எடுத்தபோது அணியில் இருந்தவரின் பெயர் வைத்த கடை, அதைச் சொன்னதும் நீதான். வழக்கமாக வரும் ஆட்கள் எல்லாரும் வந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ட்ரக் ஓட்டும் ஒரு பெரிய மனிதர், நீலத் தொப்பி, கண் சிவந்து வீங்கியிருந்தது, டபுள் டபுள் கோப்பி கேட்கக் குரல் வரவில்லை. நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன் தம்பி. வருத்தமாக இருக்கிறது, நானும் பார்த்தேன் என்றேன். காசு வாங்காமல் ஒரு டோனட்டும் கொடுத்து, பிறகு என் காசைப் பெட்டியில் போட்டேன். அவருக்குச் சொல்லத் தெரிந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து உனக்குச் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, இந்தப் பன்னிரண்டு வருடமும் இல்லை.

அதற்குப் பிறகு நீ என் முன்னால் அழுததே கிடையாது. ஆச்சியின் செத்த வீட்டிலும் இல்லை. "என் மகன் கல்லு மாதிரி" என்று நான் ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். "பரவாயில்லை அம்மா" என்று நீ எழுதும்போதெல்லாம், பார், எவ்வளவு பக்குவம் என்று நினைத்தேன். பரவாயில்லை என்று எழுதக்கூட இப்போது உனக்கு ஏலாமல் இருக்கிறதோ என்று இந்த ஆறு நாளும் யோசிக்கிறேன். நான் அன்றைக்குச் சொன்னது பிழை. மாமா இருந்திருந்தால் என்னைத்தான் ஏசியிருப்பான், அவன் யாழ் இந்துக் கல்லூரி கிரிக்கெட்டில் தோற்றதற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவன்.

கறித்தூள் அனுப்புகிறேன், ஒடியல் மாவும். கூழுக்கு மீன் அங்கே கிடைக்கும்தானே, உறைந்த மீன் என்றாலும் பரவாயில்லை. தூளை ஒரே பையில் போட்டிருக்கிறேன், பெரிய பை, காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்டி வை. சாப்பிடு. நேரத்துக்குப் படு. தனிய இருந்து மட்ச் பார்க்காதே. அப்பா காலையில் எழும்பினவுடன் போனில் எட்மன்ரன் குளிரைத்தான் பார்க்கிறார், இன்றைக்கு இத்தனை பாகை என்று எனக்கு வந்து சொல்லுவார், வேறொன்றும் சொல்ல மாட்டார். யூன் முழுக்க எனக்கு லீவு மிச்சம் இருக்கிறது. வரச் சொன்னால் வருவேன், வேண்டாம் என்றால் வரமாட்டேன். உன் அறையில் கட்டில் விரித்தபடிதான் இருக்கிறது.

நாளைக்கு எட்மன்ரனுக்கு மூன்றாவது மட்ச். நான் பார்ப்பேன், போன் பக்கத்தில் இருக்கும். நீ எடுத்துவிட்டு ஒன்றும் கதைக்காமல் இருந்தாலும் சரி, இரண்டு பேரும் அப்படியே இருந்து மட்சைப் பார்ப்போம். நீ அழுதால் நான் ரீவியை நிறுத்த மாட்டேன், போனையும் வைக்க மாட்டேன்.

அம்மா