பேப் ரூத்தைப் பண்ட் அடிக்கச் சொன்ன கம்ப்யூட்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய பேஸ்பால் சீசன்களைக் கணினியில் மறுபடி ஆடிப் பார்க்கும் விளையாட்டுகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அந்தக் காலத்து ஆட்டத்தை அச்சு அசலாகக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பண்ட், அதாவது மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது, அந்த விஷயத்தில் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

போன வாரம் 1927 சீசனை ஓட்டிக்கொண்டிருந்தேன். முதல் பேஸில் (ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய நிலைகளில் முதலாவது) ஆள் நிற்கிறார், யாரும் அவுட் இல்லை, அடிக்க வருகிறவர் பேப் ரூத், அந்த வருஷம் 60 ஹோம் ரன் அடித்த மனிதர். கம்ப்யூட்டர் மேனேஜர் அவரிடம் மட்டையைக் குறுக்கே பிடித்துப் பந்தை மெல்லத் தட்டிவிட்டு, தான் அவுட்டானாலும் பரவாயில்லை, ரன்னரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்து என்றது! விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்புறம் யோசித்தால் காரணம் பிடிபட்டது. பழைய கணக்கில் ரூத்தின் பெயருக்கு எதிரே மொத்தம் 113 சாக்ரிஃபைஸ் இருக்கிறது, அதாவது தான் அவுட்டாகி ரன்னரை முன்னேற்றிய தடவைகள். ஆனால் 1908 முதல் 1930 வரை, உயரத் தூக்கி அடித்த பந்தைப் பிடித்த பிறகு மூன்றாவது பேஸில் இருந்தவர் ஓடி ரன் எடுத்தால் அதையும் இதே கட்டத்தில்தான் எழுதினார்கள். 1926 முதல் ரன்னர் எந்த பேஸுக்கு முன்னேறினாலும் சேர்த்துக்கொண்டார்கள். ரூத் பண்டே அடித்ததில்லை என்று சொல்ல வரவில்லை, எப்போதாவது அடித்திருக்கிறார். ஆனால் அந்த 113-ஐ முழுக்கப் பண்ட் என்று எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். 1917-இல் ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் ஒரே சீசனில் எடுத்த 67 சாக்ரிஃபைஸ், இன்றுவரை சாதனை, அதுவும் இந்தக் கலப்புக் கணக்குதான்.

சரி, 1906-க்குப் போனால் இந்தக் குழப்பம் இல்லையே என்று சிகாகோ வைட் சாக்ஸை எடுத்தேன். அணியின் பேட்டிங் சராசரியே .230, லீக்கில் கடைசி, ஆனாலும் அந்த சீசனில் 116 ஆட்டம் ஜெயித்த சிகாகோ கப்ஸ் அணியை உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டியில் 4-2 என்று வீழ்த்தியவர்கள். (அவர்கள் மேனேஜரின் பெயரே ஃபீல்டர் ஜோன்ஸ், நிஜமாகவே!) இங்கே பண்ட் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, பலன்தான் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு அவுட், ஒரு பேஸ், முடிந்தது. அன்றைக்குக் கையுறை உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். ஒரு அணி சீசனுக்கு 200 ஃபீல்டிங் பிழைக்கு மேல் செய்வது சாதாரணம். மேடு பள்ளமான மண்ணில் உருளும் பந்தை ஓடிவந்து எடுத்து அவசரமாக வீசினால் அது எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? டெட்ராய்ட்டில் அந்த அணியின் நட்சத்திரம் டை காப் தட்டும் பந்து ஓடிவிடாமல் நிற்க, அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிவைப்பார்களாம், அதற்குக் காப் ஏரி என்றே பெயர். என் கம்ப்யூட்டரில் ஏரியும் இல்லை, தப்பாக வீசுகிறவரும் இல்லை. மூன்றாவது பேஸ்காரர் முன்னால் ஓடிவருவதுகூட இல்லை, நின்ற இடத்திலேயே நின்று ஆளை அவுட்டாக்குகிறார்.

இப்போதைக்கு 1927 ஆட்டக்காரர்களின் பண்ட் எண்களை நானே கையால் குறைத்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 16 அணி, ஐந்துதான் முடிந்திருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்