பனலாபானில் எங்களுக்குச் சோறும் படுக்கையும் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள கினபாலு மலையில் 3,272 மீட்டர் உயரத்தில் இருக்கும் பனலாபான் விடுதிகளுக்குச் சாலை கிடையாது. திம்போஹோன் வாயிலிலிருந்து 6 கிலோமீட்டர் ஏறித்தான் வர வேண்டும். அரிசி, முட்டை, கேஸ் தோம்பு எல்லாம் சுமைதூக்கும் அண்ணன்மார், அக்காமார் முதுகில்தான் மேலே வருகின்றன. முதல் நன்றி உங்களுக்கே. இனி ஏறப்போகிறவர்கள், சுமையோடு ஒருவர் வருவதைக் கண்டால் பாதையோரம் ஒதுங்கி நில்லுங்கள். செங்குத்துப் படியில் நடுவே நின்றுவிட்டால் மறுபடி கால் எடுத்து வைப்பது அவர்களுக்குப் பெரும்பாடு.

சமையற்கட்டில் நிற்பவர்களுக்கு அடுத்த நன்றி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் ஏறக்குறைய 89 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் சூடேறாது. அதனால் சோறு வேக நேரமும் பிடிக்கும், கேஸும் கூடுதலாகச் செலவாகும். தட்டில் மீதம் வைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மாலையில் சாப்பாடு போட்டவர்கள் அதிகாலை 2 மணிக்கு மறுபடி அடுப்பு மூட்டுகிறீர்கள். உயரத்தில் பசி மந்தப்படும் என்பதால் பலர் அந்த வேளை உணவைத் தொடாமலே கிளம்புகிறார்கள். அது தவறு. உச்சிக்கு இன்னும் 800 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். இரண்டு துண்டு ரொட்டியும் சர்க்கரை போட்ட சூடான தேநீருமாவது உள்ளே போகட்டும்.

அறைகளைப் பார்த்துக்கொள்பவர்களே, ஈரக் காலணியோடும் சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடும் வருகிறவர்களிடம் நீங்கள் காட்டும் பொறுமை பெரிது. மேகத்துக்குள் இருக்கும் இடம் அது. நனைந்த துணி ஓர் இரவில் காயவே காயாது. மாற்றுச் சட்டை, காலுறை, கையுறை மூன்றையும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் கொண்டுவருவதுதான் வழி. பிற்பகல் 3 மணிக்குள் விடுதியை அடைந்து, படுக்கும் முன்பே பையைக் கட்டி வைத்துவிட்டால், நள்ளிரவுக்குப் பின் சரசரவென்று பை குடைந்து மற்றவர் தூக்கத்தைக் கெடுக்க நேராது. நெற்றி விளக்கைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

மலிம் குனோங் வழிகாட்டிகளே, 5 பேருக்கு ஒருவராக வருகிறீர்கள். 3,668 மீட்டரில் இருக்கும் சாயாட் சாயாட் சாவடியோடு திரும்பச் சொல்லும்போது முகம் சுளிப்பவர்கள் உண்டு. மழை பெய்தால் கருங்கல் சரிவில் தண்ணீர் ஓடையாக இறங்கும். கயிற்றைப் பிடித்தாலும் கால் நிற்காது. தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் உடனே இறங்குவதுதான் மருந்து, மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறுவதல்ல. இவற்றைச் சோர்வில்லாமல் ஒவ்வொரு இரவும் சொல்கிறீர்கள்.

2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் இந்த மலை 18 பேரைப் பறிகொடுத்தது. அவர்களில் வழிகாட்டிகளும் உண்டு. பாறை சரிந்து பாதை உடைந்த நிலையில் மேலே சிக்கியவர்களை நடத்திக் கூட்டிவந்ததும் வழிகாட்டிகள்தான். இறந்தவர்களின் குடும்பத்தாருக்கும் இந்த மடல் சேர்கிறது.

நன்றியுடன்,
மலேசியத் தமிழ் மலையேறிகள் சிலர்