பார்வை மகஜரோடு முடங்கிவிடும் எச்சரிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மோட்டார் விபத்து இழப்பீட்டுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு, இப்போது காட்பாடியில் ஓய்வில் இருப்பவன் நான். ஆண்டுதோறும் ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தால், காப்பீட்டு நிறுவனங்கள் தலைக்கவசம் வழங்குவதையும் காவல் துறைக்கு இரும்புத் தடுப்புகள் வாங்கித் தருவதையும் நாளிதழ்களில் காண்கிறோம். அவற்றை நான் குறை கூறவில்லை. தடுப்பில் 'மெதுவாகச் செல்லவும்' என்பதைவிட நிறுவனத்தின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இவற்றையெல்லாம் விட மதிப்புள்ள ஒன்று, அதாவது விபத்துகள் எங்கே நடந்தன என்ற பதிவு, அந்நிறுவனங்களின் அலமாரிகளில் இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் விபத்து இழப்பீடு கோரும் எம்.சி.ஓ.பி. வழக்கு ஒன்று தாக்கலானால், நிறுவனத்துக்கு வரும் ஆவணக் கட்டில் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகியவற்றோடு, விபத்து நடந்த இடத்தைக் காவல் துறையினர் நேரில் பார்த்து எழுதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் இருக்கும். சாலையின் அகலம் என்ன, வண்டி எந்தத் திசையிலிருந்து வந்தது, நடுத்திட்டில் இடைவெளி எங்கே இருந்தது என்பதெல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கும். தவறு ஓட்டுநருடையதா, இறந்தவருடையதா என்று வாதிடுவதற்கு மட்டுமே நாங்கள் அந்த வரைபடத்தைப் புரட்டுவோம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வாலாஜாபேட்டைக்கும் வாணியம்பாடிக்கும் இடையே, நடுத்திட்டின் ஒரே இடைவெளி வெவ்வேறு ஆண்டுகளின் கட்டுகளில் மீண்டும் மீண்டும் வந்ததை நான் கண்டிருக்கிறேன்: ஒரு கட்டில் பால் கேனோடு சாலையைக் கடந்த முதியவர், இன்னொன்றில் தோல் தொழிற்சாலை வேனைப் பிடிக்க ஓடிய பெண். தொகை வழங்கப்பட்டதும் கட்டு அலமாரிக்குப் போய்விடும். அதே இடத்தின் மூன்றாவது வரைபடத்தைப் பார்த்த அன்றே யாருக்காவது எழுதியிருக்கலாம், நானும் எழுதவில்லை.

விபத்துக்குப் பிறகு உயிர் காக்கும் வேலையில் காப்பீட்டுப் பணத்துக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. 2025 மே மாதம் அறிவிக்கை செய்யப்பட்ட மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில், சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரம்பில் சிகிச்சை உண்டு. விபத்துக்குக் காரணமான வாகனத்துக்குக் காப்பீடு இருந்தால், பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் செலுத்தும் நிதியிலிருந்தே அச்செலவு ஈடுசெய்யப்படுகிறது. மோதிவிட்டு நிற்காமல் போன வாகனத்தால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 2 லட்சம் ரூபாயும், படுகாயமடைந்தவருக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். முன்பு இத்தொகைகள் 25,000, 12,500 என்றிருந்தன. இதற்கு வருவாய்த் துறை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அறியாமல் எத்தனையோ குடும்பங்கள் வாய்ப்பை இழக்கின்றன. ஆனால் இவை யாவும் அடிபட்ட பிறகு கிடைப்பவை.

தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள் 3 ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ நேர்ந்த 5 விபத்துகள் நடந்தாலோ, 10 பேர் இறந்தாலோதான் அந்த இடம் விபத்துகள் மிகுந்த 'கரும்புள்ளி'யாகக் கணக்கில் வரும். அதாவது, சாவு எண்ணிக்கை சேரும்வரை காத்திருக்க வேண்டும். காவல் துறையின் பதிவுகளில் ஏறாத சிறு மோதல்களும் காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தெரியும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பம்பர் நசுங்கியது, முகப்பு விளக்கு உடைந்தது என்று வழக்கே இல்லாமல் வரும் சேதக் கோரிக்கைகளின் படிவங்களிலும் விபத்து நடந்த இடமும் நேரமும் எழுதப்பட்டிருக்கும். ஓரிடத்தில் இத்தகைய கோரிக்கைகள் குவிகின்றன என்றால், அங்கே பெரிய விபத்து நேரக்கூடும் என்று முன்கூட்டியே அறியலாம். பெயர்களையும் வண்டி எண்களையும் நீக்கிவிட்டு, இடத்தையும் நேரத்தையும் மட்டும் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கொடுப்பதால் எந்த வாடிக்கையாளரின் அந்தரங்கமும் கெட்டுவிடாது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் 1959-லேயே தம் செலவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கென ஓர் ஆய்வு அமைப்பை நிறுவின. கார்களை மோதவிட்டுச் சோதித்து முடிவுகளை வெளியிடும் வேலையை அது இன்றும் செய்துவருகிறது. விபத்து குறைந்தால் இழப்பீடும் குறையும் என்பதால், இதில் தருமத்தோடு கணக்கும் உண்டு.

தோல் தொழிலுக்கும் இது பொருந்தும். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் இறந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். தீ விபத்துக் காப்பீடு கொடுக்கும்முன் மின்கம்பியையும் தீயணைப்பான்களையும் பார்வையிடும் நிறுவனங்கள், தொழிலாளர் இழப்பீட்டுக்கான பாலிசி கொடுக்கும்போது அதே கண்ணோடு தொட்டியையும் பார்ப்பது கடினமல்ல.

எனவே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர்கள், சாலைப் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் கிளை மேலாளர்களையும் அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் தலைக்கவசப் பெட்டிகளோடு வர வேண்டியதில்லை; கடந்த 3 ஆண்டுகளின் கோரிக்கைகளில் குறிக்கப்பட்ட இடங்களின் பட்டியலோடு வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காப்பீட்டு ஊழியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.