அக்காவுக்கு, கொலம்பஸிலிருந்து

கொலம்பஸ், ஒஹாயோ
ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். அங்கு உன் நலம், மாமா நலம், நிலா நலம் எல்லாம் அறிய ஆவல். அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றியதா என்று உண்மையைச் சொல். போனில் கேட்டால் "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறாள். கடிதம் என்றால் நீ படிக்கப் படிக்க உட்கார்ந்து கேட்பாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நாள் முழுக்க வீட்டில் என்னதான் செய்கிறாய் என்று போன வாரம் கேட்டாய். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது, ஆனால் கேள்வி நியாயமானது. என் விசா என் வீட்டுக்காரருடைய விசாவை ஒட்டிக்கொண்டு வந்தது. வேலைக்குப் போகக் கூடாது. அவருடைய கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டினால் நானும் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை சமையல், துணி, லைப்ரரி. லைப்ரரி நடந்து போகிற தூரம்தான், பைசா வாங்குவதில்லை, உள்ளே கதகதப்பாகவும் இருக்கும். வெளியே பனி கொட்டும்போது அது பெரிய விஷயம்.

துணி துவைக்கப் போய்த்தான் எனக்கு ஒரு பொழுதுபோக்கு கிடைத்தது. எங்கள் குடியிருப்பில் வாஷிங் மெஷின் வீட்டுக்குள் கிடையாது, கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக நிற்கிறது. நோட்டைக் காட்டினாலும் கார்டைக் காட்டினாலும் அசையாது. 25 சென்ட் காசுதான் வேண்டும். அந்தக் காசுக்கு இங்கே குவார்ட்டர் என்று பெயர் (மாமாவைச் சிரிக்க வேண்டாம் என்று சொல்). வங்கியில் பத்து டாலர் கொடுத்தால் நாற்பது காசைக் காகிதத்தில் சுருட்டித் தருவார்கள். ஒரு நாள் அந்தச் சுருளைப் பிரித்துக் கொட்டினேன். கழுகுதான் இருக்கும் என்று பார்த்தால் ஒரு காசின் பின்பக்கத்தில் விமானிகள் போடும் பறக்கும் தொப்பி போட்ட ஒரு பெண். இன்னொன்றில் பாலே ஆடும் பெண். யார் இவர்கள் என்று தேட ஆரம்பித்து, இப்போது துணி ஊறுகிறதோ இல்லையோ, நான் காசுகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

2022 முதல் 2025 வரை வருஷத்துக்கு ஐந்து பேர் என்று இருபது அமெரிக்கப் பெண்களைக் குவார்ட்டரில் போட்டிருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களைப் போடக் கூடாது என்பது சட்டம். கண்டுபிடிப்பது சுலபம். பழைய காசில் ஜார்ஜ் வாஷிங்டன் இடது பக்கம் பார்ப்பார், இவற்றில் வலது பக்கம். அந்த வலது பக்கத் தலையைச் செதுக்கியவரும் பெண்தான், லாரா கார்டின் ஃப்ரேசர். 1932-ல் வாஷிங்டனின் இருநூறாவது பிறந்தநாளுக்குக் காசு அடித்தபோது கலைக்குழு பரிந்துரைத்தது இவருடைய வடிவத்தைத்தான். நிதித் துறைச் செயலாளர் அதை ஒதுக்கிவிட்டு ஓர் ஆண் சிற்பியின் வடிவத்தை எடுத்துக்கொண்டார். தொண்ணூறு வருஷம் கழித்து, அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆன பிறகு, அந்தத் தலை எங்கள் வாஷிங் மெஷினுக்குள் விழுகிறது.

பறக்கும் தொப்பிக்காரி பெஸ்ஸி கோல்மன். 1892-ல் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். வீட்டோடு பருத்தி பறித்து வளர்ந்தவள். பிறகு சிகாகோவுக்குப் போய் ஒரு முடிதிருத்தும் கடையில் வருகிற ஆண்களுக்கு நகம் வெட்டிப் பளபளப்பாக்கும் வேலை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய அண்ணன், "பிரான்ஸில் பெண்கள் விமானம் ஓட்டுகிறார்கள், உன்னால் முடியுமா?" என்று சீண்டியிருக்கிறான். நம் அண்ணன் சீண்டினால் நாம் சாதத்தில் கை கழுவிவிட்டு எழுந்துபோவோம். இவள் விமானப் பள்ளிகளுக்கு விண்ணப்பித்தாள். பெண் என்பது ஒரு தடை, கறுப்பு என்பது இன்னொரு தடை. அமெரிக்காவில் ஒரு பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. சரி என்று பிரெஞ்சு படித்து, காசு சேர்த்து, 1920-ல் கப்பலேறிப் பிரான்ஸுக்கே போய்விட்டாள். 1921 ஜூன் 15-ல் உரிமம் வாங்கினாள். காசில் அந்தத் தேதி பொறித்திருக்கிறது, விரலால் தடவினால் தட்டுப்படும். திரும்பி வந்து வான சாகசம் காட்டினாள். கறுப்பர்களுக்குத் தனி வாசல் என்று சொன்ன இடத்தில் பறக்க மறுத்திருக்கிறாள். 1926-ல் ஃபுளோரிடாவில் ஒத்திகைக்குப் போனபோது, கீழே இடம் பார்க்க எட்டிப் பார்க்க வேண்டும் என்று பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். விமானம் கவிழ்ந்து, விழுந்து இறந்தாள். எஞ்சினுக்குள் யாரோ விட்டுப்போன ஸ்பேனர் சிக்கிக்கொண்டதாம். முப்பத்துநாலு வயசு.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் பாட்சி மிங்க். ஹவாயின் மாவி தீவில் ஜப்பானிய வம்சத்தில் பிறந்தவர். டாக்டராக ஆசைப்பட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு வரிசையாக விண்ணப்பித்தார், எல்லாரும் கைவிரித்தார்கள். சட்டம் படித்தார். படித்து முடித்தால் வேலை இல்லை. கல்யாணமானவர், கைக்குழந்தைக்காரி, அதிலும் வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்டவர். ஹவாய்க்கே திரும்பி வழக்கறிஞர் தேர்வு எழுதலாம் என்றால் அங்கேயும் முட்டுக்கட்டை. கணவர் பென்சில்வேனியாக்காரர், அதனால் நீயும் இந்த ஊர்க்காரி இல்லை என்றார்கள். பிறந்து வளர்ந்த மண்ணிலேயே! கல்யாணமான கையோடு என் பெயரை நம் ரேஷன் கார்டிலிருந்து எடுத்தார்களே, அன்றைக்கு அம்மா தாலுகா ஆபீசில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறதா? இவர் முகத்தைத் திருப்பவில்லை, எதிர்த்து வாதாடினார். அவர் கணவரின் ஊரில் வாழ்ந்ததே இல்லை என்பதால் கடைசியில் வழி விட்டார்கள். 1964-ல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெள்ளையரல்லாத பெண் ஒருவர் அங்கே போனது அதுதான் முதல் முறை. 1972-ல் டைட்டில் நைன் என்ற சட்டம் வரப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண் பெண் என்று பார்த்து ஒதுக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். அதற்கு முன்பு மருத்துவக் கல்லூரிகளில் பெண்களுக்கு இத்தனை இடம்தான் என்று ஒதுக்கி வைத்திருந்தார்களாம். எங்கள் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் பெண் பிள்ளைகள் சேறும் சகதியுமாகக் கால்பந்து ஆடுவதை ஜன்னலில் பார்க்கிறேன். அதற்கும் இந்தச் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காசில் அவர் கையில் அந்தச் சட்டத்தைத்தான் பிடித்திருக்கிறார்.

வானவியலாளர் வேரா ரூபின் கதையும் இதே ரகம். பிலடெல்பியாவில் பிறந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குக் கேட்டால், வானவியலில் பெண்களை எடுப்பதில்லை என்றார்கள். அந்த விதி 1975 வரை இருந்தது. வேறு இடத்தில் படித்து, பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, பிறகு கலிஃபோர்னியாவில் பாலோமர் தொலைநோக்கிக்குப் போனால் அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. காகிதத்தில் ஒரு பாவாடை வெட்டி, கதவில் இருந்த ஆண் பொம்மைக்கு ஒட்டிவிட்டு உள்ளே போனாராம். ஒரு விண்மீன் மண்டலத்தின் ஓரத்தில் இருக்கும் நட்சத்திரங்கள் மெதுவாகச் சுற்ற வேண்டும், ஆனால் உள்ளே இருப்பவற்றுக்கு இணையான வேகத்தில் ஓடுகின்றன என்று அளந்து காட்டியவர் இவர். அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத பெரும் எடை ஏதோ பிடித்து இழுக்கிறது. கரும்பொருள் இருப்பதற்கு இன்றைக்கும் சொல்லப்படும் முக்கியமான சான்று அது. நோபல் தரவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அடுத்த பத்தி உனக்கு மட்டும், அம்மாவிடம் படிக்காமல் தாண்டிவிடு. சாலி ரைடு 1983-ல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண். ஒரு வாரத்துக்கும் குறைவான பயணம். மாதவிலக்குக்காக எத்தனை பஞ்சு வைக்கலாம், நூறு போதுமா என்று நாசாவின் பெரிய எஞ்சினியர்கள் கேட்டார்களாம். ராக்கெட் கணக்கெல்லாம் சரியாகப் போட்டவர்கள்!

இப்போது அம்மாவுக்குப் பிடிக்கிற ஒன்று. ஜார்ஜியா மாநிலத்து ஜூலியட் கார்டன் லோ. 1912-ல் பதினெட்டுப் பெண் பிள்ளைகளை வைத்துப் பெண் சாரணர் இயக்கம் தொடங்கியவர். அந்தப் பிள்ளைகள்தான் இன்றும் குளிர் விடும் நேரத்தில் கடை வாசலில் மேசை போட்டு பிஸ்கட் விற்கிறார்கள். இவருக்கு ஒரு காது ஏற்கெனவே கேட்காது. கல்யாணத்தன்று மணமக்கள் மேல் அரிசி போட்டு வாழ்த்தியபோது ஒரு மணி நல்ல காதுக்குள் போய் மாட்டிக்கொண்டது. எடுக்கப் போய்ச் செவிப்பறை கிழிந்து அதுவும் போயிற்று. வெள்ளைக்காரர்களும் அட்சதை போடுவார்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். நிலா கல்யாணத்தில் எல்லாரும் பார்த்துப் போடுங்கள்.

மற்றவர்களைப் பற்றி எழுதினால் தபால் தலை கூடும். மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்த ஐடா வெல்ஸ், பெண்கள் பெட்டியிலிருந்து இழுத்து இறக்கிய கண்டக்டரின் கையைக் கடித்துவிட்டு ரயில் கம்பெனி மேல் கேஸ் போட்டவர். காந்தியை தென்னாப்பிரிக்காவில் இறக்கிவிட்டதற்கு ஒன்பது பத்து வருஷம் முந்திய சங்கதி இது. நியூயார்க்கின் மேரி வாக்கர், உள்நாட்டுப் போரில் அறுவை மருத்துவர். இந்நாட்டின் உச்சப் போர்ப் பதக்கம் பெற்ற ஒரே பெண். காற்சட்டை போட்டதற்காகக் கைது செய்திருக்கிறார்கள். 1917-ல் பதக்கத்தை ரத்து செய்த பிறகும் சாகும்வரை அதைச் சட்டையில் குத்திக்கொண்டே திரிந்தார். ஒக்லஹோமாவின் மரியா டால்சீஃப்தான் அந்த பாலே பெண். ஓசேஜ் பழங்குடி. ரஷ்யப் பெயர் மாதிரி மாற்றிக்கொள் என்றபோது மறுத்தவர். அதே ஒக்லஹோமாவில் செரோக்கி பழங்குடி மக்களின் முதல் பெண் தலைவர் வில்மா மேன்கில்லர். தலைவராகும் முன்பே, குழாய்த் தண்ணீர் இல்லாத பெல் என்ற சிற்றூரில் ஊர்க்காரர்களையே மண்வெட்டி எடுக்கவைத்துச் சுமார் 16 மைல் குழாய் பதித்தார். அரசு பணம் தந்தது, வேலை ஊருடையது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்வளவு தூரம் என்று பங்கு. ஆரம்பத்தில், இவர்களாவது தோண்டுவதாவது என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்களாம்.

காசில் இல்லாத ஒருத்தியைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. எங்கள் கொலம்பஸ்காரி, ஜெரி மாக். மூன்று பிள்ளைகளின் தாய், இல்லத்தரசி. வீட்டில் போரடிக்கிறது என்று புலம்பியிருக்கிறாள். கணவர் விளையாட்டாக, "அப்படியென்றால் விமானத்தை எடுத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றிவிட்டு வா" என்றாராம். போய்விட்டாள்! 1964 மார்ச் 19-ல் ஒற்றை எஞ்சின் செஸ்னாவில் இங்கிருந்து கிளம்பி, 29 நாளில் தனியாகச் சுற்றி வந்து இறங்கினாள். உலகத்தில் எந்தப் பெண்ணும் அதற்கு முன் தனியாகச் செய்யாதது. வழியில் டெல்லியிலும் கல்கத்தாவிலும் இறங்கியிருக்கிறாள். சவூதியின் தாரானில் கூட்டமாக நின்ற ஆண்களில் ஒருவர் விமானத்துக்குள் எட்டிப் பார்த்து, உள்ளே ஆண் யாரும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் எல்லாரும் கைதட்டினார்களாம். இதே போல உலகைச் சுற்றக் கிளம்பி வழியில் காணாமல் போன விமானி அமீலியா இயர்ஹார்ட்டை உலகமே அறியும். முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவளை எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. விமான நிலையத்தில் சிலை இருக்கிறது. நான் முதல் முறை வந்து இறங்கியபோது பெட்டியைத் தேடிய அவசரத்தில் பார்த்திருக்கவும் மாட்டேன். இந்தக் கதையை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், "முதலில் டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணு" என்றார்.

இன்னும் ஒருத்தரைப் போட்டிருக்கலாம் என்று எனக்கு ஆசை. நம் ராணிப்பேட்டையில் அமெரிக்க மிஷனரி வீட்டில் பிறந்த ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து மனைவிக்குப் பிரசவம் பார்க்கக் கூப்பிட்டதும், ஆண் டாக்டரை அவர்கள் விடாததும், மூன்று பெண்களும் செத்துப்போனதும் அம்மா நமக்குச் சொன்ன கதைதான். இங்கே படித்தபோது தெரிந்த புது விஷயம், நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி 1898-ல் தொடங்கியபோதே பெண்களுக்கும் கதவைத் திறந்தது, அப்படி உள்ளே போனவர்களில் இவரும் ஒருவர். அடுத்த வருஷமே பட்டம், நேரே வேலூர். லைப்ரரியில் இருக்கும் அம்மையாரிடம் கேட்டேன், பெயரே கேள்விப்பட்டதில்லை என்றார். என் அக்கா மகள் பிறந்ததே அவர் கட்டிய ஆஸ்பத்திரியில்தான் என்று சொன்னதும் குறித்து வைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரருடைய நண்பர் ஒருவர் பிப்ரவரியில் சென்னை வருகிறார். அவரிடம் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். பெஸ்ஸி, பாட்சி, வேரா மூன்றும் நிலாவுக்கு. பள்ளிக்கு எடுத்துப் போனால் தொலைத்துவிடுவாள், வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும். அட்சதைக்காரி காசு அம்மாவுக்கு, சாமி உண்டியலில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள். அவர் திரும்பி வரும்போது அரைக் கிலோ சாம்பார்த் தூள் கொடுத்தனுப்பு, நன்றாக ஒட்டிய பாக்கெட்டில். வடகம் வேண்டாம், போன தடவை பொடிப்பொடியாகத்தான் வந்து சேர்ந்தது.

மாமாவுக்கு என் வணக்கம். அம்மாவைப் பதில் சொல்லச் சொல்லி நீ எழுது.

உன் தங்கை,
கலா