முதுகில் ஒட்டி வருபவருக்கும் சேர்த்து இடைவெளி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 31 வருடம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன். அதில் பாதிக்கு மேல் சென்னை - திருச்சி தடத்தில் இரவு வண்டிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் கார் ஓட்ட, முன்சீட்டில் உட்கார்ந்து விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போனேன். வலது தடத்தில் 90-ல் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து ஒட்டிக்கொண்டது. பட்டப்பகலில் விடாமல் லைட் அடித்தார் அந்த ஓட்டுநர். மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பிரேக்கை லேசா ஒரு தட்டு தட்டினா தள்ளி வருவான்ப்பா" என்றான். வேண்டாம், இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் வா என்றேன். வந்தான். அந்தக் கார் போய்விட்டது. எங்களுக்குப் பத்து வினாடி கூட நஷ்டம் இல்லை.

90 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 25 மீட்டர். முன்னால் பிரேக் விளக்கு எரிவதைப் பார்த்து, கால் பெடலுக்குப் போவதற்கே எவ்வளவு தேர்ந்த ஓட்டுநருக்கும் ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். அந்த வெள்ளைக் கார் எங்களுக்கு எட்டு மீட்டர் பின்னால் வந்தது. மகன் கோபத்தில் பிரேக்கைப் பலமாக மிதித்திருந்தால், அவர் பிரேக் பிடித்தாலும் இடம் போதாமல் எங்கள் டிக்கியில் மோதியிருப்பார். பின்சீட்டில் என் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. 2009 மார்கழி, அதிகாலை நாலரை மணி, உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் நல்ல பனி. என் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு வேன் வந்தது. கண்ணாடியில் அதன் வெளிச்சம் தெரியும், அப்புறம் மறைந்துவிடும். மறைந்தால் பஸ்ஸின் முதுகுக்கே வந்துவிட்டது என்று அர்த்தம், அந்த இடம் எங்கள் கண்ணாடிக்கு எட்டாது. எரிச்சல்பட்டேனே தவிர வேறொன்றும் செய்யவில்லை. திடீரென்று முன்னால் போன லாரி நின்றது. அதற்கு முன்னால் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர். முழு பிரேக் போட்டேன், இரண்டடி இருக்கும்போது பஸ் நின்றது. வேன் நிற்கவில்லை. அதன் ஓட்டுநருக்கு இரண்டு காலும் நசுங்கியது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

தப்பு என்மேல் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் முன்னால் போன லாரிக்கு நான் இன்னும் முப்பது மீட்டர் கூடுதலாக விட்டிருந்தால், மெதுவாக பிரேக் பிடித்து நின்றிருப்பேன். அந்தப் பையனுக்கும் நிறுத்த நேரம் கிடைத்திருக்கும். பின்னால் ஒட்டி வருபவரை நம்மால் தள்ளி நிறுத்த முடியாது. நமக்கு முன்னால் இருக்கும் இடம் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அன்று முதல் யாராவது ஒட்டினால் ஆக்சிலேட்டரில் இருந்து காலை மெல்ல எடுப்பேன். முன்னால் இடம் கூடும், அவருக்கும் ஓவர்டேக் செய்ய வழி கிடைக்கும்.

எவ்வளவு இடம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ணுங்கள். முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால் நெருக்கமாகப் போகிறீர்கள். மழையிலும் பனியிலும் ஆறு வரை எண்ண வேண்டும்.

இரவில் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனால் பாதுகாப்பு, எதிர் வெளிச்சமும் கண்ணில் அடிக்காது என்று நினைக்கும் கார்க்காரர்கள் நிறைய பேர். பழுதாகி நிற்கும் லாரியைப் பார்த்து நாங்கள் கடைசி நேரத்தில் பஸ்ஸை ஒடித்து விலகிவிடுவோம். பின்னால் வருபவருக்கு அதுவரை பஸ்ஸின் முதுகு மட்டும்தான் தெரியும், அடுத்த நொடி லாரியின் முதுகு. தயவுசெய்து அப்படி வராதீர்கள்.

வலது தடத்தில் 60-ல் நிம்மதியாகப் போகிறவர்களையும் சொல்ல வேண்டும். காருக்கு நான்கு வழிச் சாலையில் மத்திய அரசு 2018-ல் வைத்த உச்ச வேகம் 100. அதற்குள் வேகமாகப் போக நினைப்பவருக்கு வழிவிட்டு இடது பக்கம் வந்துவிடுவதுதான் முறை.

முன்னால் போகும் வண்டி சட்டென்று நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும் என்று 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் மைதானத்தில் எட்டு போட்டு உரிமம் வாங்கும் பிள்ளைகளுக்கு அதை எங்கே காட்டுகிறோம்? ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் ஒரு நாளாவது அவர்களை பைபாஸுக்கு அழைத்துப் போய் இந்த மூன்று வினாடியை எண்ண வைக்க வேண்டும். பரனூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி சுங்கச்சாவடிகளைத் தாண்டியதும் இந்தக் கணக்கைத் தமிழில் பெரிய பலகையாக வைக்க வேண்டும்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வண்டிகள் கிளம்ப இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. கரும்பு டிராக்டர்கள் இப்போதே சாலைக்கு வந்துவிட்டன. நேற்று இரவு திண்டிவனம் பைபாஸில் நான் பார்த்த இரண்டு டிரெய்லர்களிலும் சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்லை. சர்க்கரை ஆலைகளும் போலீஸாரும் இந்த வாரமே அவற்றை ஒட்டவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர்,
திண்டிவனம்.