1923 ஏப்ரலில் வாஷிங்டனில் கூடிய உடற்கல்வி இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க தேசிய அமெச்சூர் தடகளக் கூட்டமைப்பின் மகளிர் பிரிவைச் சேர்ந்த மதிப்புக்குரிய அம்மையீர்,

வணக்கம். பெண்கள் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். சென்னையில் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர். எங்கள் ஆசிரியர்களின் ஆசிரியர்கள் படித்த பாடத்தில் உங்கள் தலைமுறையின் சிந்தனையும் கலந்திருந்தது என்பதால், உங்களோடு வழக்காட எனக்கும் சிறிது உரிமை உண்டென்று கொள்கிறேன். உங்களில் ஒருவரும் இன்று இல்லை என்பது தெரியும். ஆயினும் அந்த ஏப்ரல் 6, 7 நாள்களில், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஹூவரின் மனைவி லூ ஹென்றி ஹூவர் அம்மையார் கூட்டிய மாநாட்டில், கல்லூரிகளுக்கிடையேயான போட்டியைவிட எல்லாப் பெண்களும் விளையாடுவதே முக்கியம் என்று நீங்கள் எடுத்த முடிவு, உங்கள் நாட்டுக் கல்லூரிப் பெண்களை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கட்டிப்போட்டது.

முதலில், நீங்கள் சரியாகக் கண்டதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கண்ணெதிரே ஆண்களின் கல்லூரி விளையாட்டு இருந்தது. 1905இல் மட்டும் அமெரிக்கக் கால்பந்தில் குறைந்தது 18 இளைஞர்கள் உயிரிழந்தார்கள்; குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிகளின் பிரதிநிதிகளை அழைத்துப் பேச வேண்டியிருந்தது. நுழைவுச்சீட்டு வசூல், விலை பேசிப் பிடித்துவரப்படும் ஆட்டக்காரர்கள், படிப்பைக் கைவிட்ட மாணவர்கள் ஆகிய அவலங்களையெல்லாம் நீங்கள் சொன்னபோது மிகைப்படுத்துவதாகப் பலர் எண்ணியிருக்கலாம். ஆனால் 1929இல் கார்னகி அறக்கட்டளையின் அறிக்கை அவற்றையே பக்கம் பக்கமாக எழுதி வைத்தது. பார்வையாளரின் கேளிக்கைக்காகவும் கல்லூரியின் விளம்பரத்துக்காகவும் பெண்பிள்ளைகளைப் பயன்படுத்தக் கூடாது, அவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், பெண்களே அவர்களுக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிய வரிகளில் நான் திருத்த விரும்புவது எதுவுமில்லை.

என் வழக்கு மருந்தைப் பற்றியது. நோய் ஆண்கள் விளையாட்டில் இருந்தது. பத்தியம் மட்டும் பெண்களுக்கு விதிக்கப்பட்டது.

உங்களுக்கு முன் என்ன நடந்தது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1893 மார்ச்சில் ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை செண்டா பெரன்சன் நடத்திய முதல் கூடைப்பந்து ஆட்டத்தில், ஆண்கள் உள்ளே வரக் கூடாதென்று கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. நடுவில் நின்று அவர் மேலே எறிந்த முதல் பந்தே முதலாமாண்டு மாணவி ஒருத்தியின் தூக்கிய கையில் பட்டுத் தோள்மூட்டை நழுவச் செய்துவிட்டது. அவளை அலுவலக அறைக்குள் அழைத்துச் சென்று மூட்டைச் சரிசெய்தார்கள், வேறொருத்தி அந்த இடத்தில் இறங்கினாள், ஆட்டம் தொடர்ந்தது. அன்று ஆட்டத்தையே நிறுத்திவிடலாம் என்று முடிவெடுத்திருந்தால், உங்களில் பலருக்குத் தொழிலே இருந்திருக்காது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1896 ஏப்ரல் 4 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டு மாணவியரும் பெர்க்லி மாணவியரும் அணிக்கு ஒன்பது பேராக மோதினார்கள். சுமார் 700 பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழு ஆட்டமும் முடிந்தபோது ஸ்டான்ஃபோர்டுக்கு 2 புள்ளி, பெர்க்லிக்கு 1. மொத்தமே மூன்று புள்ளிகள்தாம். ஆனால் அவை தங்கள் கல்லூரிக்காக எடுக்கப்பட்ட புள்ளிகள் என்பதை அந்த அரங்கிலிருந்த ஒவ்வொருத்தியும் அறிந்திருந்தாள்.

அந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் குறைவு. அடுத்த சில ஆண்டுகளிலேயே ஸ்டான்ஃபோர்டு தன் மாணவியர் வெளிக் கல்லூரிகளோடு மோதுவதைத் தடை செய்தது. பெண் உடலில் இருக்கும் ஆற்றல் ஓரளவுக்கு உட்பட்டது, அதைப் படிப்பில் செலவழித்தால் தாய்மைக்குப் பற்றாது என்று ஹார்வர்டின் எட்வர்டு கிளார்க் 1873இல் எழுதியது மருத்துவர்களின் வாயில் இன்னும் ஓயவில்லை. பெரன்சனும் ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்தார். பந்தைப் பறிக்கக் கூடாது, மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மூன்று தடவைக்கு மேல் தட்டக் கூடாது என்று விதித்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். வம்பு பேசுவோரின் வாயை அடைத்து ஆட்டத்தைக் காப்பாற்ற அந்த நாளில் அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. வேலி போட்டாலும் உள்ளே ஆட்டம் நடக்கட்டும் என்றுதான் அவர் நினைத்தார்.

நீங்கள் அந்த ஆட்டத்தின் உயிர்நிலையிலேயே கை வைத்தீர்கள். உங்கள் முறையில் நடந்த ‘பிளே டே’ ஒன்றை என் மனக்கண்ணில் காண்கிறேன். மூன்று நான்கு கல்லூரிகளின் மாணவியர் ஒரு சனிக்கிழமை காலையில் ஓரிடத்தில் கூடுகிறார்கள். தங்கள் கல்லூரிக்கென ஓர் அணியாக நிற்க அவர்களுக்கு அனுமதியில்லை. எல்லோரையும் கலந்து, நிறத்தின் பெயரால் பிரித்து, அதுவரை முகமே பார்த்திராதவர்களை ஓரணியாக்குகிறார்கள். சிறிது நேரம் கூடைப்பந்து, சிறிது நேரம் வேறொன்று, பிறகு தேநீரும் பிஸ்கட்டும். ஒன்றாகப் பயிற்சி செய்து, ஒருத்தியின் ஓட்டத்தை மற்றவள் கண்ணை மூடிக்கொண்டும் அறிந்துவைத்திருக்கும் ஓர் அணியின் சுகம் அந்தப் பெண்களுக்கு எப்படிக் கிடைத்திருக்கும்? உங்கள் கருத்தினரான மேபல் லீ அம்மையார் எடுத்த கணக்குகளே போதும்: கல்லூரிகளுக்கிடையே பெண்கள் போட்டி நடத்திய கல்லூரிகள் 1923இல் 22 விழுக்காடு, 1930இல் 12 விழுக்காடு. எல்லாப் பெண்களையும் விளையாட வைப்பதே நோக்கம் என்றீர்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் நூறு பேர் விளையாடுவதற்கும் பத்துப் பேர் வெல்ல முயல்வதற்கும் ஒரே கல்லூரியில் இடமிருக்காது என்று உங்களுக்கு யார் சொன்னது?

1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் உலக சாதனையோடு வென்றார். ஜப்பானின் கினுவே ஹிட்டோமி இரண்டாவதாக வந்தார். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் கோட்டைத் தாண்டினார்கள். பத்திரிகைகளோ பாதிப்பேர் மயங்கி விழுந்ததாக எழுதின. 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம் 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. அந்தப் பொய்யை மறுக்கத் தகுதியுள்ளவர்கள் நீங்கள்தாம், ஏனெனில் ஓடிய பெண்ணுக்கு மூச்சு வாங்கும் என்பதை அன்றாடம் கண்டவர்கள் நீங்கள். மறுப்பதற்குப் பதிலாக, 1932 லாஸ் ஏஞ்சலிஸில் பெண்களுக்குத் தடகளமே வேண்டாம் என்று விண்ணப்பித்தீர்கள். அதற்கு மாற்றாகப் பாட்டும் நடனமும் விருந்தும் கொண்ட விழா ஒன்றை நடத்தித் தருவதாகவும் சொன்னீர்கள். உங்கள் தீர்மானங்களில் என்னால் மன்னிக்க முடியாதது இது ஒன்றுதான்.

உங்கள் பேச்சைக் கேட்காதவர்களும் இருந்தார்கள். அலபாமாவின் டஸ்கீகியில் கிளீவ்லாந்து ஆபட் கறுப்பின மாணவியருக்கு முறையாகத் தடகளப் பயிற்சி அளித்தார். 1937இல் அவர்கள் தேசியப் பட்டத்தை வென்றார்கள், பிறகும் பலமுறை வென்றார்கள். அங்கே பயின்ற ஆலிஸ் கோச்மன் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்று, அந்தப் பெருமையைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி ஆனார். வயலிலும் அடுக்களையிலும் உழைத்த தாய்மாரின் மகள்களுக்கு, ஓடினால் உடம்பு கெடும் என்ற வாதம் வேடிக்கையாகத்தான் தோன்றியிருக்கும்.

இருந்தாலும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். போட்டி வளர்ந்தால் ஆண்கள் வந்து பொறுப்பை எடுத்துக்கொள்வார்கள் என்று அஞ்சினீர்கள். பெண் ஒருத்தி தலைமை வகிக்கக்கூடிய துறைகள் உங்கள் பல்கலைக்கழகங்களில் அன்று விரல்விட்டு எண்ணத்தக்கவை. உடற்கல்வி அவற்றில் ஒன்று. 1972இல் கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் வந்து மாணவியருக்குப் போட்டி வாய்ப்புகள் பெருகியபோது, அதுவரை பெண்கள் அணிகளின் பயிற்றுநர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்களாக இருந்த நிலை மாறிப் பாதிக்கும் கீழே போனது. துறைகள் இணைக்கப்பட்டன; நாற்காலியில் ஆண் அமர்ந்தார். உங்கள் அச்சம் பொய்யல்ல. ஆனால் அந்த நாற்காலியைக் காப்பாற்றிய அத்தனை ஆண்டுகளும் அதற்கான வாடகையைச் செலுத்தியவர்கள் உங்கள் மாணவியர்.

இறுதியாக லூசில் காட்பால்டை நினைவூட்டுகிறேன். தென் கரோலினாவின் வின்த்ராப் கல்லூரி மாணவி. 1922 ஆகஸ்டில் பாரிஸில் அலீஸ் மில்லியா நடத்திய பெண்கள் போட்டிக்குப் போக அவரிடம் பணமில்லாதபோது, உடன் படித்தவர்களும் ஆசிரியர்களும் கைக்காசு சேர்த்து அனுப்பினார்கள். இரு கைகளாலும் மாறி மாறிக் குண்டு எறிந்து உலக சாதனையோடு திரும்பினார். பெண்களை இப்படி வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டார்களே என்ற உங்கள் கோபமும் அடுத்த ஆண்டு மாநாட்டுக்கு ஒரு காரணம். அவரோ ஊர் திரும்பி, கொலம்பியா கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்து நெடுங்காலம் கற்பித்தார். அந்த ஆண்டுகளில் அவருடைய மாணவி ஒருத்தி குண்டைக் கையில் ஏந்தி வந்து, “நானும் போகலாமா, மிஸ்?” என்று கேட்டிருந்தால், உங்கள் தீர்மானத்தின் எந்த வரியை அவர் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருத்தி